நூறு பாதாமா, ஒரு கரண்டி சோறு குறைவா?

எங்கள் கடையில் மூட்டை எடை போடும் தராசு ஒன்று உண்டு. ஒரு யூரியா மூட்டை 45 கிலோ (2018க்கு முன்னால் 50, இன்றைக்கும் அதைச் சொல்லிச் சண்டை பிடிக்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள்). 2019 பொங்கல் முடிந்த வாரம், மூட்டையை இறக்கிய கையோடு சும்மா நானும் ஏறி நின்றேன். 93 காட்டியது. இரண்டு மூட்டை யூரியா, அதற்கு மேல் மூன்று கிலோ. உயரம் ஐந்தடி ஏழு அங்குலம், வயது அப்போது 41. பாபநாசத்தில் உரக்கடை வைத்திருக்கிறவனுக்கு நடை என்பது கல்லாவிலிருந்து குடோன் வரைக்கும்தான், மூட்டை தூக்குகிறவனும் நான் இல்லை.

அதற்கப்புறம் எடை குறைக்க இரண்டு வழியிலும் போய்ப் பார்த்துவிட்டேன். முதலில் பேலியோ (அரிசி, சீனியை அறவே விட்டுக் கறி, முட்டை, பாதாம் என்று சாப்பிடுகிற முறை), அடுத்து சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது. நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டாவது. ஆனால் பேலியோவில் ஏமாற்று வேலை ஒன்றும் இல்லை, அது சொன்னதைச் செய்தது. பவுடர் கரைத்துக் குடிக்கிற வழியை நான் தொட்டதில்லை. ஜிம் கும்பகோணத்துக்குப் போய் வர வேண்டும், மூன்று நாள் போனேன். 2025இல் நம் ஊருக்கு வந்த எடை குறைக்கும் ஊசி மருந்துகள் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியவை, போட்டுக்கொண்டவர்கள் யாரும் என் பழக்கத்தில் இல்லை என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

பேலியோவை மச்சான்தான் சொன்னார். காலையில் ஊறவைத்து வறுத்த நூறு பாதாம், மதியம் கறியோ மீனோ காய்கறியோடு, சாயங்காலம் வெண்ணெய் போட்ட டீ, ராத்திரி நாலு முட்டை. அரிசி, கோதுமை, சீனி, பருப்பு, பழம் எல்லாம் கிடையாது. முதல் வாரமே நாலு கிலோ இறங்கியது. தராசில் கோளாறு என்று நினைத்து ஒரு யூரியா மூட்டையைத் தூக்கி வைத்துச் சரிபார்த்தேன், தராசு சரியாகத்தான் இருந்தது. அதில் பெரும்பகுதி தண்ணீர் என்பது பிறகுதான் தெரிந்தது. சோற்றிலிருந்து வரும் மாவுச்சத்தை உடம்பு ஈரலிலும் தசையிலும் சேர்த்து வைக்கிறது, அப்படிச் சேரும் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் போலத் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சோற்றை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு கரைகிறது, தண்ணீரும் கூடவே போகிறது. அதற்கு மேல் இறங்கியது மட்டும் நிஜமான கொழுப்பு. மே மாதக் கடைசியில் 79. நாலரை மாதத்தில் 14 கிலோ. சட்டையெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டது, கடைக்கு வருகிறவர்கள் "என்ன அண்ணே, சுகரா?" என்று கேட்டார்கள்.

செலவைப் பற்றி நீட்ட வேண்டாம். பாதாமுக்கு மட்டுமே தினமும் நூறு ரூபாய்க்குப் பக்கம் ஆனது. கொஞ்சம் குறைக்கிற வழிக்குச் செலவே இல்லை, மிச்சம்தான். வேகத்தில் பேலியோ ஜெயித்தது, பணத்தில் இது ஜெயித்தது. இரண்டுமே எனக்கு முடிவைத் தரவில்லை. முடிவு வேறொரு இடத்தில் கிடைத்தது.

அந்த வருடம் ஆடிப்பெருக்கன்று ஆற்றில் தண்ணீர் இல்லை. மேட்டூரையே ஆகஸ்ட் 13ஆம் தேதிதான் திறந்தார்கள். குடமுருட்டிப் படித்துறையில் மணல் தெரிய, பம்புசெட்டிலிருந்து குடத்தில் எடுத்து வந்த தண்ணீரை வைத்துத்தான் கும்பிட்டோம். தண்ணீர் வராவிட்டாலும் சித்ரான்னம் வந்துவிட்டது. புளியோதரை, தேங்காய் சாதம், எலுமிச்சை சாதம், சர்க்கரைப் பொங்கல். எல்லாரும் இலையை விரித்து உட்கார, நான் மட்டும் சட்டைப் பையிலிருந்து பாதாமை எடுத்தேன். அத்தை பார்த்துவிட்டார்.

"என்னடா இது, பிள்ளை பெத்தவ மாதிரி பத்தியம் இருக்கே? ஒரு வாய் வாங்கிக்கடா."

ஒரு வாய் வாங்கினேன். அத்தை கையால் உருட்டிக் கொடுத்த புளியோதரை, ஏழு மாதத்துக்குப் பிறகு நாக்கில் பட்ட முதல் சோறு. அது ஒரு வாயோடு நிற்குமா? நின்றிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, நூறு கலோரி கூட இருந்திருக்காது. ஆனால் என் மனதில் அன்றைக்குப் பேலியோ முறிந்துவிட்டது. முறிந்ததுதான் முறிந்தது, இன்றைக்கு ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டு நாளைக்குத் தொடங்கலாம் என்று தோன்றியது. மறுநாள் மிச்சப் புளியோதரை இருந்தது. அதற்கு மறுநாள் ஒரு காதுகுத்து. ஆவணி பிறந்ததும் முகூர்த்தங்கள், அடுத்து புரட்டாசி. புரட்டாசியில் எங்கள் வீட்டில் கவுச்சி ஏறாது, மற்ற மாதங்களிலும் செவ்வாய், வெள்ளி, அமாவாசை, கிருத்திகை கிடையாது. பேலியோவுக்குக் கறியும் முட்டையும் இல்லாவிட்டால் பன்னீர்தான் கதி, மாதம் முழுக்கப் பன்னீர் தின்றால் எருமைக்கே சலித்துவிடும். தீபாவளிக்குள் 84. மறு வருடம் கடைசியில் 95, புறப்பட்ட இடத்தைவிட இரண்டு கிலோ அதிகம்.

ஏன் அப்படி என்பதற்கு அமெரிக்காவில் 2016இல் வந்த ஆய்வு ஒன்று ஓரளவு பதில் சொல்கிறது. டிவி எடைக்குறைப்புப் போட்டியில் தாறுமாறாக இளைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்துப் பார்த்தபோது, பெரும்பாலானவர்களுக்கு எடை திரும்பியிருந்தது. சும்மா இருக்கும்போது உடம்பு செலவழிக்கிற சக்தி மட்டும், அவரவர் உடம்பு அளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளுக்கு 500 கலோரி போலக் குறைவாகவே நின்றிருந்தது. அவர்கள் இளைத்த அளவும் பட்ட பாடும் வேறு, அதை அப்படியே என் கணக்கில் எழுத முடியாது. ஆனாலும் படித்தபோது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, எல்லாம் என் நாக்கின் குற்றம் மட்டும் இல்லை.

என் கட்சிக்கு எதிரான சாட்சியையும் சொல்லிவிட வேண்டும். 2014இல் வெளிவந்த மெல்பர்ன் ஆய்வு ஒன்றில் 200 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு 12 வாரத்தில் வேகமான குறைப்பு, மறுபாதிக்கு 36 வாரத்தில் மெதுவான குறைப்பு என்று கொடுத்தார்கள். இருந்த எடையில் 12.5 சதவீதமாவது இறங்க வேண்டும் என்பது கணக்கு. வேகக்காரர்களில் 81 சதவீதம் பேர் எட்டினார்கள், மெதுவாகப் போனவர்களில் பாதிப் பேர்தான். அடுத்த மூன்று வருடத்தில், இரண்டு தரப்புக்கும் இறங்கியதில் 71 சதவீதம் போலத் திரும்பி ஏறிவிட்டது. ஆக, மெதுவாகக் குறைத்தால் திரும்பாது என்று ஊரில் சொல்வது அப்படியே உண்மை இல்லை. நான் சொல்ல வருவதும் வேகத்தைப் பற்றி இல்லை. ஒரு நாள் தவறினால் மறுநாள் காலையில் என்ன நடக்கிறது என்பதுதான் என் கேள்வி. 36 வாரம் என்று தேதி போட்டு நடத்தினால் அதுவும் ஒரு பத்தியம்தான், நீளமான பத்தியம்.

2022 தையில் மறுபடி தொடங்கினேன், 95இலிருந்து. இந்தத் தடவை எதையும் நிறுத்தவில்லை. முதலில் காபி. நாளைக்கு நாலு டபரா, ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஸ்பூன் சீனி. ஒரு ஸ்பூன் 5 கிராம் என்றால் 40 கிராம், கிராமுக்கு 4 கலோரி. இதை இரண்டு காபி, ஆளுக்கொரு ஸ்பூன் என்று ஆக்க இரண்டு மாதம் ஆனது, காரணம் சீனியை ஒரேயடியாக வெட்டாமல் கால் கால் ஸ்பூனாக இறக்கினேன். நல்ல டிகாக்‌ஷன் இருந்தால் ஒரு ஸ்பூனே போதும். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை 44 வயதில் கண்டுபிடித்தேன்.

அப்புறம் சோறு. எங்கள் பக்கத்துச் சாப்பாடு மூன்று சுற்று: குழம்பு, ரசம், மோர். ஒவ்வொன்றுக்கும் புதுச் சோறு விழும். விதை நிறுக்கிற சின்னத் தராசை வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு சுற்றை நிறுத்தேன், 150 கிராம். வெந்த சோறு 100 கிராமுக்கு 130 கலோரி போல வரும், ஆக ஒரு சுற்று 200க்குப் பக்கம். ரசச் சுற்றை எடுத்துவிட்டேன், ரசத்தை விடவில்லை, டம்ளரில் ஊற்றிக் குடிக்கிறேன். மனைவி அன்னக்கரண்டியை மாற்றிச் சின்னதாக ஒன்று வாங்கிப் போட்டாள், அது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பொரியல் கூட்டை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போவது அடுத்த மாற்றம். பதினோரு மணி வடை சனிக்கிழமைக்குப் போனது. ராத்திரிச் சாப்பாடு பத்து மணியிலிருந்து எட்டரைக்கு வந்தது. சாப்பிட்டதும் இருபது நிமிடம் ஆற்றங்கரையில் நடை, ஐப்பசி கார்த்திகையில் சேறாகிவிட்டால் குடோனுக்குள் மூட்டை அடுக்குகளைச் சுற்றி. யூரியா வாசனையில் நடப்பது ஒன்றும் ஆரோக்கியம் இல்லை, தெரியும்.

எல்லாம் பலிக்கவில்லை. மாப்பிள்ளை சம்பாவுக்கு மாறினால் எடை குறையும் என்றார்கள். நல்ல அரிசி, நார்ச்சத்து இருப்பதால் சீக்கிரம் வயிறு நிறையும், ஆனால் கலோரிக் கணக்கில் வெள்ளை அரிசிக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. ராத்திரியே ஊறப்போட வேண்டும், பிள்ளைகள் தொடவில்லை, எனக்கென்று தனி உலை என்றதும் மனைவியின் முகம் பேலியோ காலத்துக்குப் போனது. மறுநாளே விட்டோம். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று கொள்ளு ரசமும் வைத்துப் பார்த்தோம். ரசம் ருசியாக இருந்தது, அவ்வளவுதான்.

கணக்குப்படி காபியிலும் சோற்றிலும் மட்டுமே நாளைக்கு 320 கலோரி மிச்சம், வருடத்துக்கு 15 கிலோ இறங்கியிருக்க வேண்டும். இறங்கியது ஐந்து. உடம்பு சிறுக்கச் சிறுக்கச் செலவும் குறைகிறது, வேறெங்கோ நானும் அறியாமல் ஈடு கட்டியிருப்பேன். இரண்டாம் வருடம் நாலு, மூன்றாம் வருடம் இரண்டு. இப்போது 84, ஒரு வருடமாக அங்கேயே நிற்கிறது. இந்தியர்களுக்கான அளவுகோலில் நான் இன்னும் குண்டன்தான்: ஆணுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், எனக்கு 108 இருந்தது 97க்கு வந்திருக்கிறது. பேலியோவில் நாலரை மாதத்தில் தொட்ட 79ஐ மூன்றரை வருடத்தில் நான் தொடவில்லை. இதை மறைத்துப் பயன் இல்லை.

ஆனால் மூன்றரை வருடத்தில் எத்தனை தடவை தவறினேன் என்று எனக்கே எண்ணிக்கை இல்லை. மச்சினி கல்யாணத்தில் மூன்று நாள் பந்தி, நீடாமங்கலம் பக்கம் வசூலுக்குப் போகும்போதெல்லாம் பால்திரட்டு, சம்பா நடவு நேரத்தில் டிஏபி உரத் தட்டுப்பாடு வந்தால் நிற்க நேரமில்லாமல் நடையே போச்சு, டீயும் வடையுமாக ஒரு மாதம். எதுவுமே முறியவில்லை, முறிவதற்கு அங்கே எதுவும் இல்லை. மறுநாள் மதியம் அதே சின்னக் கரண்டி, அதே இரண்டு சுற்று. வீட்டில் ஒரே உலைதான் கொதிக்கிறது, நான் டயட்டில் இருப்பதே விருந்தாளிக்குத் தெரியாது. வண்டி வாங்குகிறவர்கள் மைலேஜைக் கேட்பார்கள், நான் பஞ்சரானால் யார் ஒட்டுவார்கள் என்று கேட்பேன். பேலியோவுக்குப் பாபநாசத்தில் பஞ்சர் கடை இல்லை.

மச்சானுக்கு இருந்தது. அவர் திருப்பூரில் தனியாக இருக்கிறார், தானே முட்டை பொரித்துக்கொள்கிறார், ஆறு வருடமாகப் பேலியோதான், இளைத்தவர் இளைத்தபடியே இருக்கிறார், சுகரும் நன்றாக இறங்கியிருக்கிறது. சர்க்கரை நோய் புதிதாக வந்தவர்களுக்கு வேகமாக எடை இறங்குவது நிஜமாகவே உதவும், அந்த இடத்தில் என் சின்னக் கரண்டி பேச்சு எடுபடாது. ஒன்று மட்டும்: சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றை நிறுத்தக் கூடாது, மருந்து அதே அளவில் இருக்க மாவுச்சத்து இல்லாவிட்டால் சர்க்கரை மிகவும் இறங்கி மயக்கமே வரலாம். வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பைக் கல் வரும் வாய்ப்பும் கூடுதல், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும் சகஜம். எனக்குக் கல் வரவில்லை, முடி கொட்டியது, இப்போது கொட்டுவதற்கு அவ்வளவு இல்லை.

2025 ஆடிப்பெருக்குக்குக் குடமுருட்டியில் கரை தொட்டுத் தண்ணீர் ஓடியது. நாலு சாதத்திலும் வாங்கிக்கொண்டேன், சர்க்கரைப் பொங்கலில் இரண்டு தடவை. அத்தை இப்போதெல்லாம் என்னைக் கவனிப்பதே இல்லை, அவர் கவலை முழுக்கப் பேரனைப் பற்றி, அவன் நூறு பாதாம் தொடங்கியிருக்கிறான். மறுநாள் காலையில் தராசு 85.3 காட்டியது. கடைப் பையன் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஸ்டாக் ஏறியிருக்கு" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை 84.2.