லேசர் அலைன்மென்ட் என்று பில், கையில் ஒரு ஸ்கேல்கூட இல்லை

பெங்களூரில் செயினுக்குப் பதில் பெல்ட் ஓடும் வண்டி வைத்திருப்பவர்கள், அதிலும் பின்சக்கரத்தை மாற்றிக் கட்டியிருப்பவர்கள், அடுத்த முறை டயர் மாற்ற விடுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஏசி அறை, காபி மெஷின், சுவரெல்லாம் ஹெல்மெட் மாட்டிய இடம் என்பது போதும்.

என் வண்டி ஹார்லி ஸ்ட்ரீட் 750. பழைய உரிமையாளர் அதை பாபராக, அதாவது தடித்த டயரும் குட்டையான பின்பக்கமுமாக, மாற்றியிருந்தார். 140 மில்லி அகல டயர் இருந்த இடத்தில் 160. தடித்த டயர் பெல்ட்டில் உரசாமல் இருக்கச் சக்கரத்தைச் சற்றுத் தள்ளி உட்கார வைத்து, பெல்ட் ஓடும் பல் சக்கரமான புல்லிக்கு அடியில் ஒரு தட்டு வைத்து, ஆக்சில் என்ற சக்கர அச்சின் இரு பக்கத்துக்கும் இடைவெளி நிரப்பும் ஸ்பேசர் வளையங்களை லேத்தில் கடைந்திருந்தார். இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், நீளம் மட்டும் வேறு. இதை வண்டியை விடும்போதே அந்தக் கடையில் சொன்னேன். "சார், டெய்லி இதான பண்றோம்" என்றார்கள்.

டயர் மாற்றினார்கள். பில் 7,400. அதில் "லேசர் அலைன்மென்ட்" என்று, அதாவது சக்கரம் நேராக நிற்கிறதா என்று லேசர் ஒளி வைத்துப் பார்த்ததற்கு, 2,500. நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். லேசரும் இல்லை, ஒரு நூலும் கட்டவில்லை. கழற்றிய பெல்ட்டை ஒரு பையன் மடித்து ஆணியில் மாட்டியதை மட்டும் பார்த்தேன். பெல்ட்டை அப்படி மடிக்கவே கூடாது, உள்ளே இழுவையைத் தாங்கும் இழைகள் முறியும். அது எனக்கு அன்று தெரியாது. லேசர் எங்கே என்று கேட்டதற்கு, "நீங்க டீ குடிக்கப் போனப்ப பண்ணிட்டோம்." நான் டீ குடிக்கவே போகவில்லை!

அடுத்த வாரம் கிருஷ்ணகிரிக்கு அம்மாவைப் பார்க்கக் கிளம்பினேன். அத்திப்பள்ளி தாண்டும்போது பின்னால் கீச் கீச் என்று குருவிக்குஞ்சு சத்தம். வேகம் கூடக் கூட அது நீண்ட ஊளையாக மாறியது. ஓசூரில் நிறுத்திக் குனிந்து பார்த்தால், பின்புல்லியின் விளிம்பு முழுக்கக் கண்மை மாதிரி கறுப்புத் தூள், பெல்ட்டின் ஓரத்தில் பஞ்சு பஞ்சாக இழை. ஊருக்குப் போகாமல் மெதுவாகத் திரும்பிவிட்டேன்.

கடையில் சக்கரத்தை முன்பின் நகர்த்தும் அட்ஜஸ்டரைத் திருகி, பெல்ட்டை இறுக்கி, ஸ்டாண்டில் சக்கரத்தைச் சுற்றிக் காட்டினார்கள். "பாருங்க ப்ரோ, பெல்ட் எப்படி நடுவுல ஓடுது!" நிஜமாகவே நடுவில்தான் ஓடியது. 1,800 கட்டினேன். அப்புறம் வண்டி இடப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தது. கேட்டால் ரோடு சாய்வு என்றார்கள். பெங்களூர் ரோட்டின் மேல் எந்தப் பழியைப் போட்டாலும் நம்பத் தோன்றும் என்பதால் நானும் நம்பினேன். இரண்டு மாதத்தில் சக்கர பேரிங் கரகரத்தது. மூன்றாவது முறை போனபோது, "பெல்ட் போச்சு, ஓரம் பிரிஞ்சிடுச்சு, புதுசு 22,000. இப்பவே மாத்தலேன்னா நடுரோட்டுல அறுந்துடும்."

யோசித்துச் சொல்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு சிவாஜிநகரில் ஒருவரிடம் போனேன். வேலூர்க்காரர், அறுபதைத் தாண்டியவர், வாழ்நாளெல்லாம் புல்லட் பிரித்தவர். பெல்ட் வண்டி அதிகம் பார்த்ததில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்கு அதுவே பிடித்தது.

அவர் எடுத்தது ஒரு பழைய நீளக் கம்பி. நுனியை வளைத்து, நடுவில் வால்வ் டியூப் ரப்பர் துண்டு ஒன்றைக் கோத்தார். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் வண்டியோடு சேரும் பிவட்டின் மையத்தில் வளைந்த நுனியை வைத்து, ரப்பரை ஆக்சில் மையம் வரை நகர்த்தினார். அதே கம்பியை மறுபக்கம் வைத்தார். ரப்பர் மையத்தில் நிற்கவில்லை, நான்கு மில்லி தள்ளி நின்றது. "தம்பி, சக்கரம் கோணலா நிக்குது. ஸ்விங்ஆர்ம்ல இருக்கிற அளவுக் கோட்டைப் பாத்து வெச்சிருக்காங்க போல. வெட்டி ஒட்டின வண்டியில அந்தக் கோட்டை நம்பக்கூடாது."

"ஆனா பெல்ட் நடுவுலதானேண்ணா ஓடுது?"

"அதுக்காகத்தான் கோணலாக்கியிருக்கான்."

பிரித்துப் பார்த்தால் ஸ்பேசர் இரண்டும் பக்கம் மாறியிருந்தன. அதனால் பின்புல்லி முன்புல்லிக்கு நேராக இல்லாமல் மூன்று மில்லி விலகி நின்றிருக்கிறது. அதைச் சரிசெய்ய சக்கரத்தைக் கழற்ற வேண்டும். அதற்குச் சோம்பி, சக்கரத்தைச் சாய்த்து பெல்ட்டை நடுவுக்கு வரவழைத்திருக்கிறார்கள். செயினாக இருந்தால் இந்த அளவு விலகலை ஓரளவு பொறுத்துக்கொண்டு ஓடும். பல் பெல்ட் பொறுக்காது, விளிம்பில் ஏறித் தேயும். ஆகவே "நடுவில் ஓடுகிறது" என்று காட்டினால் மயங்காதீர்கள். இரண்டு பக்கமும் பிவட்டிலிருந்து ஆக்சில் வரை அளந்து காட்டச் சொல்லுங்கள், அப்புறம் இரண்டு புல்லியும் ஒரே தளத்தில் இருக்கின்றனவா என்று நீளமான அலுமினியப் பட்டை வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

பேரிங் போனது அளவுக்கு மீறிய இறுக்கத்தால். ஸ்பேசரை இடம் மாற்றிப் போட்ட பிறகு, சர்வீஸ் புத்தகத்தில் உள்ளபடி பெல்ட்டின் கீழ்ப்பக்கத்தை நடுவில் பத்து பவுண்டு, அதாவது நாலரை கிலோ விசையில் அழுத்தி எவ்வளவு நகர்கிறது என்று பார்த்தோம். கேஜ் இல்லாததால் மீன் கடை ஸ்பிரிங் தராசைக் கொக்கி மாட்டிக் கீழே இழுத்தார். வண்டி ஆறியிருக்க வேண்டும், சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி இறுக்கமான இடத்தில் அளக்க வேண்டும். ஆக்சில் நட்டை முழுதாக இறுக்கியதும் மறுபடி கம்பியை வைத்தார், ஒரு மில்லி நகர்ந்திருந்தது. தளர்த்தி, முதலிலிருந்து செய்தார். எனக்கே பொறுமை போய்விட்டது.

அந்த 22,000 பெல்ட்? ஓரத்தில் பஞ்சு தெரிந்தால் கவனித்தபடி ஓட்டலாம் என்றுதான் புத்தகமே சொல்கிறது. பல் உடைவது, கல் ஓரத்தைக் கிழிப்பது போன்ற சேதம் இருந்தால்தான் மாற்ற வேண்டும். அதே பெல்ட்டில் 1,100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டேன், சத்தம் இல்லை. அவர் கூலி 900, பேரிங் தனி.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். மேனேஜர் குரலை உயர்த்தவே இல்லை. "ஆர்சில இல்லாத டயர் போட்டிருக்கீங்க, எங்க போய் கம்ப்ளெய்ன்ட் பண்ணுவீங்க?" என்றார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு எனக்கும் தெரியும், கம்பெனி விவரத்திலிருந்து மாற்றினால் தப்பு என் பக்கமும் இருக்கிறது. கஸ்டம் வண்டிக்காரன் வாயைத் திறக்கமாட்டான் என்ற தைரியத்தில்தான் இவர்கள் பில் எழுதுகிறார்கள்.

நேற்று அங்கிருந்து ஒரு மெசேஜ்: "உங்கள் வண்டிக்கு லேசர் அலைன்மென்ட் செய்யும் நேரம் வந்துவிட்டது."