பின்னால் பார்க்க ஆள் இல்லாத படகு: ஆற்றில் வாட்டர் ஸ்கீயிங் போகிறவர்களுக்கு

முந்தாநாள் நடந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, முன்னே பின்னே எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாகச விளையாட்டுகளுக்கு முன்பதிவு செய்து தரும் ஒரு செயலியில், ஆற்றில் வாட்டர் ஸ்கீயிங் (காலில் ஸ்கீ என்ற பலகைகளை மாட்டி, படகு இழுக்கும் கயிற்றின் கைப்பிடியைப் பிடித்துத் தண்ணீர்மேல் சறுக்குவது) கற்றுக்கொள்ள இரண்டு நாள் பயிற்சிக்குப் பணம் கட்டினேன். அரை மாதச் சம்பளம். ‘அனைத்துப் பாதுகாப்பு விதிகளும் பின்பற்றப்படும்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். என்னென்ன விதி என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள், அங்கேயே கோட்டை விட்டேன்.

என்னை மயக்கியது படகு ஓட்டியவரின் பேச்சு. 1922-ல் ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன், அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு அகன்று பெபின் ஏரியாகக் கிடக்கும் இடத்தில், பீப்பாய்ப் பலகைகளைக் காலில் மாட்டிப் பார்த்துத் தோற்று, கடைசியில் தானே பலகை செய்து தண்ணீர்மேல் நின்ற கதையை அவ்வளவு ரசித்துச் சொன்னார். கதை உண்மைதான். கதை தெரிந்தவருக்குத் தொழிலும் தெரிந்திருக்கும் என்று நினைத்தது நான். லைஃப் ஜாக்கெட்டில் நடுக் கொக்கி உடைந்திருந்தது, அந்த இடத்தில் பச்சை நைலான் கயிறு. அவரே குனிந்து முடிச்சுப் போட்டு, “நான் இருக்கேன் சார், பயப்படாதீங்க” என்றார். நம்பினேன்.

படகில் அவர் ஒருவர்தான். ஓட்டுபவர் முன்னால் பார்க்க வேண்டும், ஸ்கீயில் வருபவரையே பார்த்துக்கொண்டிருக்கத் தனியாக ஒரு ஆள் வேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால் கேட்டேன். “அதுக்குத்தான் கண்ணாடி இருக்கே.” சரி என்று இறங்கிவிட்டேன். கைச்சைகை எதுவும் சொல்லித்தரவில்லை.

மேலே எங்கோ மழை, ஆறு கலங்கி ஓடியது. வேகம் கூடியதும் கட்டைவிரலைக் கீழே காட்டினேன். வேகத்தைக் குறை என்பதற்கு உலகம் முழுக்க அதுதான் சைகை. பார்க்க யார் இருக்கிறார்கள்? பாதி மூழ்கிய மரத்தண்டு ஒன்று வந்ததும் கைப்பிடியை விட்டு விழுந்தேன். முடிச்சு அவிழ்ந்து ஜாக்கெட் தாடை வரை ஏறிவிட்டது. ஏரி என்றால் விழுந்த இடத்திலேயே மிதக்கலாம், ஆறு இழுத்துக்கொண்டு போகும். மற்ற படகுகளுக்குத் தெரியட்டும் என்று ஒரு ஸ்கீயைத் தூக்கிப் பிடித்தேன். அந்த மனிதர் சுற்றி வந்து, பக்கத்தில் வந்ததும் எஞ்சினை நிறுத்த வேண்டியவர், நேராக ரிவர்ஸில் வந்தார், எஞ்சின் ஓட ஓட, ப்ரொப்பெல்லர் என் கால் பக்கமாக. தொண்டை கிழியக் கத்தி நிறுத்தினேன். நீந்திக் கரையேறியவன்தான், திரும்பப் படகில் கால் வைக்கவில்லை.

இனி செயலிக்காரர்களின் கதை. முதல் ஆள், “புகார் பதிவாகிவிட்டது.” இரண்டாவது ஆள், “படகுக்காரர் எங்கள் ஊழியர் இல்லை, பங்குதாரர் மட்டுமே.” மூன்றாவது ஆள் சொன்னதுதான் உச்சம்: “நீங்கள் தண்ணீரில் இறங்கிவிட்டதால் சேவை வழங்கப்பட்டதாகவே கணக்கு.” நடக்காத இரண்டாம் நாளுக்குமா என்றால் இணைப்பு துண்டிக்கப்படுகிறது. அரை மாதச் சம்பளம் சார், அரை மாதச் சம்பளம்! படகுக்காரரோ போனையே எடுப்பதில்லை.

போகிறவர்களுக்கு விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. பின்னால் பார்க்கத் தனி ஆள் இல்லாவிட்டால் ஏறாதீர்கள். ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கியையும் நீங்களே போட்டு இழுத்துப் பாருங்கள், காற்றடைக்கும் வகை இதற்கு ஆகாது. படகு இழுக்கும் கயிற்றைக் கையில் சுற்றாதீர்கள். மழை பெய்து கலங்கிய ஆற்றில் வேண்டவே வேண்டாம், பாலத் தூண் பக்கமும் வேண்டாம். பணத்தை முழுதாக முன்கூட்டிக் கட்டாதீர்கள்.

இதோ மறுபடி அந்தச் செயலியிலிருந்து ஒரு செய்தி. உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்கிறார்கள்.