சைடு வால்வா, புஷ்ராடா, ஓவர்ஹெட் கேமா: கடலோரத்தில் எது கட்டுப்படியாகும்?

பழைய வண்டி தேடுபவர்கள் சிசி கேட்பார்கள், மாடல் கேட்பார்கள், ஆர்சி புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள். வால்வைத் திறக்கும் தண்டான கேம் ஷாஃப்ட் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. பின்னால் வரப்போகும் செலவில் பாதி அந்த இடத்தைப் பொறுத்ததுதான். (யெஸ்டி, ராஜ்தூத் 175 வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலையே கிடையாது. டூ ஸ்ட்ரோக்கில் கேமும் இல்லை, கேமின் தள்ளலை வாங்கி மேலே கடத்தும் டப்பெட்டும் இல்லை.)

எல்லா ஃபோர் ஸ்ட்ரோக்கிலும் கேம் செய்யும் வேலை ஒன்றுதான். பிஸ்டன் சுழற்றும் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும், அதன் மேடு வால்வைத் தள்ளித் திறக்கும், ஸ்பிரிங் மூடும். அந்த மேட்டுக்கும் வால்வுக்கும் நடுவில் எத்தனை கை மாறுகிறது என்பதில்தான் வித்தியாசம். பண்ருட்டி மண்டியில் பலாப்பழம் கை மாறுகிற மாதிரிதான்: ஒவ்வொரு கையும் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். என்ஜினில் அப்படிப் போவது லூஸாகவும் தேய்மானமாகவும் வந்து சேரும்.

கை மாற்றம் குறைவு, வால்வு சிலிண்டருக்குப் பக்கத்தில் நிற்கும் சைடு வால்வில். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் ராணுவம் ஓட்டிய பிஎஸ்ஏ எம்20 நல்ல உதாரணம்: போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 82 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 94 மி.மீ., 496 சிசி. கேமுக்கு மேலே டப்பெட், டப்பெட்டுக்கு மேலே நேராக வால்வு, அவ்வளவுதான். ராக்கர் (வால்வை அழுத்தும் நெம்புகோல்) இல்லை, புஷ்ராடு (தள்ளுகம்பி) இல்லை. ஹெட் என்பது பிளக் மாட்டிய ஒரு மூடி மட்டுமே, கரி சுரண்ட அதைக் கழற்றினாலும் டப்பெட் அட்ஜஸ்ட்மென்ட் கலையாது. கிளியரன்ஸ், அதாவது டப்பெட்டுக்கும் வால்வுக்கும் இடைவெளி, என்ஜின் குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.30 மி.மீ.

ஆனால் எக்ஸாஸ்ட் போர்ட் (புகை வெளியேறும் வழி) சிலிண்டருக்குள்ளேயே ஓடுவதால் அந்தப் பக்கம் சூடு குவியும். மே மாத மதியத்தில் புதுச்சேரி மரப்பாலம் சிக்னலில் நாலு முறை நின்று கிளம்பினால் அந்த மூலை தீயாய்க் காயும். வால்வு மூடி உட்காரும் சீட்டை இரும்பு சிலிண்டரிலேயே நேரடியாக வெட்டியிருப்பார்கள். 2000இல் நாடு முழுவதும் ஈயம் கலந்த பெட்ரோல் நின்ற பிறகு அந்த மென்மையான சீட்டுக்கு இருந்த காப்பும் போயிற்று. நீண்ட நேரம் முறுக்கி ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு கொஞ்சம் கொஞ்சமாகச் சீட்டுக்குள் இறங்கும். வால்வு இறங்க இறங்க டப்பெட்டுடன் இருக்கும் இடைவெளி குறையும். ஆகவே சத்தம் குறைந்துவிட்டதென்று மகிழ்ந்து போக வேண்டாம். டப்பெட் சத்தம் அடங்குவதுதான் வால்வு எரியப்போவதற்கு முதல் அறிகுறி. ஞாயிறு காலை கடற்கரைச் சாலையில் மெல்ல ஓட்ட இந்த வண்டி போதும். தினமும் கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வர வேண்டாம்.

அந்த வேலைக்குப் புஷ்ராடு ரகமான பழைய வார்ப்பிரும்பு என்ஜின் புல்லட்தான் சரி. போர் 70, ஸ்ட்ரோக் 90, 346 சிசி. கிராங்க் பினியனிலிருந்து பல்சக்கர வரிசையாக இன்லெட்டுக்கு ஒரு கேம் கியர், எக்ஸாஸ்ட்டுக்கு ஒரு கேம் கியர். கேம் கீழே, வால்வு மேலே. நடுவில் டப்பெட், புஷ்ராடு, ராக்கர் என்று மூன்று கை. கணக்குப் பார்த்தால் இதுதான் மோசம், அதிக ஆர்பிஎம்மில் இத்தனை எடையையும் ஸ்பிரிங் விரட்டிப் பிடிக்க முடியாது. ஆனாலும் இதையே சிபாரிசு செய்யக் காரணம், தேய்வது எல்லாம் கைக்கு எட்டுகிற இடத்தில் தேய்கிறது.

டப்பெட் வைப்பதை, அதாவது அந்த இடைவெளியைச் சரிசெய்வதைப் பாருங்கள். ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) தேவையே இல்லை. என்ஜின் இரவு முழுக்க ஆறியிருக்க வேண்டும். பிளக்கைக் கழற்றுங்கள், சிலிண்டரின் வலப்பக்கத்து டப்பெட் மூடியைத் திறங்கள், கிக்கரை மெல்ல அழுத்துங்கள். இன்லெட் ராடு ஏறி இறங்கிய பிறகு பிஸ்டன் மேலே வருகிறதே, அதுதான் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். பிஸ்டன் உச்சிக்கு வந்ததும் நிறுத்துங்கள். மெல்லிய ஸ்பேனர்களால் மேலும் கீழும் பிடித்துக்கொண்டு நடுவில் இருக்கும் லாக்நட்டைத் தளர்த்தி அட்ஜஸ்டரைத் திருப்புங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ராடு வழுக்கிக்கொண்டு சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. இடைவெளி பூஜ்ஜியம் என்பதற்கு இதுதான் அர்த்தம். ராடு அலுமினியம், சூடேறினால் சிலிண்டரோடு அதுவும் நீளும், அதனால்தான் பூஜ்ஜியம் செல்லுபடியாகிறது. லாக்நட்டை இறுக்கியதும் மறுபடி சுற்றிப் பாருங்கள், இறுக்கும்போது சிறிது நகர்ந்துவிடும். பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

எக்ஸாஸ்ட் பக்கம் இன்னொரு சிக்கல் உண்டு. கிக் அடிக்க எளிதாக எக்ஸாஸ்ட் வால்வைத் தூக்கிப் பிடிக்கும் டிகம்ப்ரஷரின் கேபிள் விறைப்பாக இருந்தால் டப்பெட்டை எவ்வளவு சரியாக வைத்தாலும் வால்வு முடி அளவு திறந்தே நிற்கும். லீவரில் கொஞ்சம் ஃப்ரீ ப்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், அதற்குப் பிறகு டப்பெட்டைத் தொடுங்கள். வலப்பக்கக் கவரிலிருந்து சீரான இரைச்சல் வந்தால் கேம் கியர், கேம் ஸ்பிண்டில் தேய்மானம். ‘டக் டக்’ என்று மேலிருந்து வந்தால் ராக்கர் பேரிங் பிளாக், அல்லது ராக்கருக்கு ஆயில் ஏறவில்லை. ஆயில் குழாயின் துளையுள்ள பாஞ்சோ போல்ட்டில் கசடு அடைத்திருக்கும்.

அந்த வலப்பக்கக் கவரை (டைமிங் கவர்) திறப்பதாக இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: பினியனைப் பிடித்திருக்கும், ஆயில் பம்பை ஓட்டும் அந்த வார்ம் நட் இடது மரை. வழக்கப்படி திருப்பினால் இன்னும் இறுகும், அடுத்த தள்ளில் ஷாஃப்ட் மரையே போய்விடும். மூடுவதற்கு முன் பற்களில் குத்தியிருக்கும் புள்ளிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும். ஒரு பல் தவறினாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் இழுவை இருக்காது. பிறகு கார்புரேட்டரைப் பழி சொல்லி ஒரு மாதம் போகும்.

டப்பெட்டைக் கழற்றினால் அதன் அடிப்பாகத்தில் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் குழி தெரிந்தால் டப்பெட், கேம் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். புதுக் கேமில் பழைய டப்பெட்டைப் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவது. ஆயில் 20டபிள்யூ-50, ஸிங்க் சேர்மானம் போதுமான அளவு உள்ளதாக இருக்கட்டும். நவீன கார்களுக்கான மெல்லிய ஆயில் தட்டை டப்பெட்டுக்கு ஆகாது.

கேம் ஹெட்டிலேயே இருக்கும் ஓவர்ஹெட் கேமில் இரண்டு ரகம். வெலோசெட் கேஎஸ்எஸ் போன்ற பெவல் கியர் (சாய்வுப் பல்சக்கரம்) வண்டிகளில் செங்குத்து ஷாஃப்ட் ஒன்று மேலேறிக் கேமைச் சுற்றும். பார்க்க அழகு, ஓட்ட இன்பம். ஆனால் ஹெட்டைத் தூக்கிய ஒவ்வொரு முறையும் பெவல் பற்கள் சரியாகச் சேர ஷிம் (மெல்லிய தகடு) போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். இறுக்கினால் பல் முனகும், தளர்த்தினால் தட்டும். உதிரி பாகம் கையில் வைத்திருப்பவருக்கும், பொறுமையுள்ள லேத் பட்டறை பக்கத்தில் இருப்பவருக்கும் மட்டுமே இது.

நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமான ரகம் 1985இல் வந்த ஹீரோ ஹோண்டா சிடி 100. அதன் கேம் ஹெட்டில் இருக்கிறது, செயின் ஓட்டுகிறது, நடுவில் ராக்கர் மட்டும். இரண்டு வால்வுக்கும் இடைவெளி 0.05 மி.மீ. மெல்லிய ஃபீலர் என்பதால் விரல் பழக வேண்டும். ஹோண்டா கையேடுகள் என்ஜின் 35 டிகிரிக்குக் கீழே இருக்கும்போதுதான் டப்பெட் வைக்கச் சொல்கின்றன. இங்கே கோடை மதியத்தில் நிழலில் நிற்கும் வண்டியே அதைத் தாண்டிவிடும். விடிந்ததும் காபிக்கு முன் செய்துவிடுங்கள். இந்த அமைப்பின் பலவீனம் ஆயில். குறைந்தால் முதலில் காய்வது உச்சியில் உள்ள கேமும் ராக்கரின் முகமும்தான். டிப்ஸ்டிக் பார்க்கும் பழக்கம் இல்லாதவர் இதை வாங்க வேண்டாம், புல்லட்டும் வாங்க வேண்டாம்.

எந்த வகையானாலும் உப்புக்காற்று பொது எதிரி. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு வண்டியை மூடி நிறுத்தும்போது பிஸ்டனைக் கம்ப்ரஷன் உச்சியில் விட்டு நிறுத்துங்கள், இரண்டு வால்வும் மூடியிருக்கும். திறந்தபடி விட்டால் அந்த வழியே ஈரம் இறங்கி, பொங்கலுக்குக் கிக் அடிக்கும்போது சீட்டில் துரு உட்கார்ந்திருக்கும். 2011 தானே புயல், 2024 ஃபெஞ்சல் புயல் மாதிரி வெள்ளம் என்ஜின்வரை ஏறியிருந்தால் கிக்கரையே தொடாதீர்கள். முதலில் பிளக்கைக் கழற்றி, ஆயிலை முழுக்க வடித்து, டப்பெட் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் கேம் வரை தண்ணீர் போய்விட்டது.