நகத்துக்கு பயோட்டின் வாங்கப் போறவங்க இத படிச்சுட்டு வாங்குங்க

காசு போனதோட நின்னிருந்தா இத எழுதிருக்கவே மாட்டேன்.

எனக்கு நகம் நுனியில வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்கா உரியும், துணியில மாட்டுனா அப்படியே கிழிஞ்சு ரத்தம் வரும். ஆன்லைன்ல பயோட்டின், அதாவது பி7 வைட்டமின் மாத்திரை விக்கிற ஒருத்தங்ககிட்ட கேட்டேன். மூணே வாரத்துல நகம் கெட்டியாயிடும், இல்லன்னா பணம் வாபஸ், வைட்டமின்தானே, அதிகமானா ஒண்ணுக்குல போயிடும், பயமே வேணாம்னு அடிச்சு சொன்னாங்க. நம்பி மூணு டப்பா வாங்கிட்டேன்.

மூணு வாரம்ங்கறதே பொய். விரல் நகம் மாசத்துக்கு சுமாரா 3 மில்லிமீட்டர்தான் வளரும், அடியில இருந்து நுனி வரைக்கும் புதுசா வர ஆறு மாசம் ஆகும், ஏற்கெனவே உரிஞ்சுபோன நுனிய எந்த மாத்திரையும் ஒட்ட வைக்காது. ரீஃபண்ட் கேட்டா முதல்ல இன்னும் ஒரு மாசம் சாப்பிடுங்கன்னாங்க, அப்புறம் டப்பா பிரிச்சாச்சு எடுக்க மாட்டோம்னாங்க, அப்புறம் பதிலே கிடையாது.

இதுக்கு நடுவுல ஒரு ரத்த டெஸ்ட் எடுத்தேன். தைராய்டு எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ஹார்மோன்கள்ல டிஎஸ்ஹெச் ரொம்ப கம்மி, டி4 அதிகம், தைராய்டு அதிகமா சுரக்குது போல, மருந்து ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. நாலு நாள் தூக்கமே இல்ல. பயந்துபோய் இன்னொரு டாக்டர்கிட்ட போனா, அவங்க கேட்ட முதல் கேள்வியே சத்து மாத்திரை ஏதாச்சும் எடுக்குறீங்களாம்மாங்கறதுதான். டப்பாவ காட்டினேன். 10,000 மைக்ரோகிராம்! பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 30 மைக்ரோகிராம் போதும், அதுவும் சாப்பாட்டுலயே கிடைச்சிடும். நிறைய லேப் டெஸ்ட்டுகள்ல பயோட்டினையே ஒரு பசை மாதிரி வச்சுதான் அளக்குறாங்களாம், நம்ம ரத்தத்துல அது எக்கச்சக்கமா மிதந்தா ரிசல்ட் தப்பா வரும்னு விளக்குனாங்க. அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே இத எச்சரிச்சிருக்கு, ஹார்ட் அட்டாக் பாக்குற ட்ரோபோனின் டெஸ்ட்கூட இதனால கம்மியா காட்டலாம். இத நெனச்சாதான் எனக்கு இன்னும் வயித்த கலக்குது, விக்கிறவங்க இதுல ஒரு வார்த்தை சொல்லல.

மாத்திரைய நிறுத்திட்டு கொஞ்ச நாள் கழிச்சு ரத்த டெஸ்ட்ட திரும்ப எடுத்தோம். தைராய்டு நார்மல். ஃபெரிட்டின்தான் ரொம்ப கீழ, அதாவது உடம்புல இரும்புச்சத்து சேமிப்பே இல்ல. நகம் உடைஞ்சது அதனால, கூடவே தினமும் கை தண்ணியிலயும் சோப்புலயும் ஊறி ஊறி காயறதாலயும்தான்.

பயோட்டின் சுத்தமா வேஸ்ட்னு நான் சொல்ல வரல. தினம் 2.5 மில்லிகிராம் (2,500 மைக்ரோகிராம்) குடுத்து பாத்த சில சின்ன ஆய்வுகள்ல கொஞ்ச பேருக்கு நகம் கெட்டியாகியிருக்கு, ஆனா அதுவும் மாசக்கணக்குல சாப்பிட்டு. நீங்க ஏற்கெனவே எடுக்குறீங்கன்னா டெஸ்ட்டுக்கு ரத்தம் குடுக்கறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்டயும் லேப்லயும் சொல்லிடுங்க, எத்தன நாள் நிறுத்தணும்னு அவங்க சொல்லுவாங்க. டப்பாவுல செலினியம்ங்கற தாதுச்சத்து எவ்ளோ போட்டிருக்குன்னும் பாருங்க, அது மிஞ்சிப் போனா நகம் உடையும், முடியும் கொட்டும்.

இப்போ டாக்டர் குடுத்த இரும்பு மாத்திரை, பாத்திரம் கழுவ கிளவுஸ், அவ்ளோதான். கட்டைவிரல்ல பாதி வரைக்கும் வழவழன்னு புது நகம் வந்திருக்கு.