வருகையா, வந்த பிறகா?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போகும் தங்கச்சி கேட்டாள்: மெயிலில் ‘ஆஃப்டர் அரைவல்’ எழுதவா, ‘ஆஃப்டர் அரைவிங்’ எழுதவா?

இரண்டும் சரிதான். ‘வருகைக்குப் பின்’, ‘வந்த பிறகு’ மாதிரி. முன்னதில் கொஞ்சம் அறிவிப்புப் பலகை வாசனை. செயப்படுபொருள் இருந்தால் என் ஓட்டு ‘ஐஎன்ஜி’ (-ing) என முடியும் வடிவத்துக்கே: ‘பிஃபோர் சப்மிட்டிங் தி ஃபார்ம்’. பெயர்ச்சொல் என்றால் ‘தி சப்மிஷன் ஆஃப் தி ஃபார்ம்’ என்று வால் நீளும்.

ஆனால் ‘ஆஃப்டர் அரைவிங் இன் புதுச்சேரி, தி ரெயின் ஸ்டார்ட்டட்’ என்று எழுதினால், மழையே பஸ்ஸில் வந்து இறங்கியதாகிவிடும்! அங்கே ‘ஆஃப்டர் மை அரைவல்’தான் காப்பாற்றும்.

அப்புறம், ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் உள்ள ‘டு’ பிரிபோசிஷன், அதாவது பெயர்ச்சொல்லுக்கோ ஐஎன்ஜி வடிவத்துக்கோ முன்னால் வரும் சொல். அதனால் ‘மீட் யூ’ இல்லை, ‘மீட்டிங் யூ’.