வெள்ளம் பார்த்த தோல்பிடிக் கத்தி

கப்பலில் எஞ்சின் வேலை பார்த்த என் சித்தப்பா 1970களில் அமெரிக்கத் துறைமுகம் ஒன்றில் வாங்கிவந்த வேட்டைக்கத்தி, அவருக்குப் பின் என் கைக்கு வந்தது. ஐந்து அங்குல அலகு, நான்கு அங்குலப் பிடி. அலகின் அடியில் அடித்திருந்த முத்திரை சாணை பிடித்துப் பிடித்துத் தேய்ந்துவிட்டதால், எந்தக் கம்பெனியின் கத்தி என்று சொல்ல வழியில்லை. ஆகவே மடங்காத அலகும் தோல்வளையப் பிடியும் கொண்ட கத்தி வகையைப் பற்றியும், 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் பாளையங்கோட்டையில் அதற்குப் போட்டுக்கொண்ட புதுப்பிடியைப் பற்றியும் மட்டுமே இங்கு எழுதுகிறேன்.

தோல்பிடி என்றதும் மரக்கட்டையின் மேல் தோலைச் சுற்றித் தைத்திருப்பார்கள் என்றே கேட்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளே மரமே கிடையாது. அலகின் பின்புறம் ஒடுங்கி வாலாக நீள்கிறது. நடுவில் துளையிட்ட கெட்டித்தோல் வளையங்களை அந்த வாலில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, இறுக அழுத்தி, கடைசியில் ஓர் உலோகக் குமிழை வைத்து ஆணியாலோ மறையாலோ பூட்டிவிடுகிறார்கள். பிறகு வளையங்களின் ஓரங்களை ராவித் தேய்த்து, கைக்கு அடங்கும் வடிவுக்குக் கொண்டுவருகிறார்கள். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மார்பிள்ஸ் நிறுவனம் 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த அமைப்பை வேட்டைக்காரர்களிடையே பரப்பியது. 1942இல் அமெரிக்க மரைன் படை ஏற்றுக்கொண்ட ஏழு அங்குலக் கா-பார் கத்திக்கும் இதே பிடிதான். நிலவியல் படித்தவர்களுக்கு வேறு அடையாளம் சொல்லலாம்: பாறை உடைக்கக் கொண்டுபோகும் எஸ்ட்விங் சுத்தியலின் தோல்பிடியும் இப்படிக் கோத்ததே.

இந்தப் பிடியின் அருமை, கை வியர்க்கும்போதுதான் தெரியும். வளையங்களை அடுக்கி ஓரத்தைத் தேய்ப்பதால், தோலின் வழவழப்பான மேற்பரப்பு உள்ளே மறைந்துவிட, வெட்டுப்பட்ட நார்முனைகளே நம் உள்ளங்கையைத் தொடுகின்றன. அந்த நார்முனைகள் வியர்வையைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டு பிடிமானத்தை விடாமல் வைத்திருக்கின்றன. சேரன்மகாதேவிக்கு அருகே ஆற்றங்கரைத் தோப்பில் நாங்கள் இராத்தங்கும்போது, விரால் மீனின் வழுவழுப்பு கையெல்லாம் அப்பியிருந்த நேரத்திலும் கத்தி திரும்பியதில்லை. அதே வேலைக்கு எடுத்த பிளாஸ்டிக் பிடிக் கத்தி இரண்டு முறை நழுவியது. சித்திரை வெயிலில் பாறைமேல் கிடந்த கத்தியை எடுத்தால் அலகு சுடும், பிடி சுடாது. விறகைப் பிளக்க அலகின் முதுகில் கட்டையால் தட்டும்போதும் அதிர்ச்சி மணிக்கட்டு வரை ஏறுவதில்லை. உடன்குடிக் கருப்பட்டியை உடைக்க அடிக்குமிழ் நன்றாகவே உதவுகிறது. வேட்டைக்கத்தி செய்தவர்கள் இதை எண்ணியிருக்க மாட்டார்கள்.

வேட்டைக்கத்தி என்ற பெயர் நம் ஊரில் பெயரளவில்தான் நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இங்கே வேட்டைக்குத் தடை. 1988 முதல் களக்காடு முண்டந்துறைக் காடு புலிகள் காப்பகம். பாபநாசம் சோதனைச்சாவடியைத் தாண்டி இக்கத்தியைக் கொண்டுபோகலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். வாங்க நினைப்பவர்கள் நீளத்தையும் கவனிக்க வேண்டும்: வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆனவை தவிர, 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் உரிமம் கேட்கும் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. ஐந்து அங்குலம் தோப்பு வேலைக்குப் போதும் என்பது என் அனுபவம்.

ஆனால் தோப்பில் ஏற்கெனவே அரிவாள் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இது எதற்கு என்று தோட்டக்காரர் கேட்டதில் நியாயம் உண்டு. நுங்கு சீவவும், இளநீர் வெட்டவும், முள் கழிக்கவும் இக்கத்தி லாயக்கில்லை. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் நம் கொல்லர் அடித்துத் தோய்ச்சல் கொடுத்த அரிவாள் அந்த வேலைகளை எடையாலேயே முடித்துவிடும். பட்டை எஃகில் கார்பன் 0.6 விழுக்காட்டை ஒட்டியே இருப்பதால் ஓங்கி வெட்டினாலும் வாய் உடைவது அரிது. கத்திகளுக்கு எடுக்கும் 1095 என்ற எஃகு வகையில் கார்பன் சுமார் 0.95 விழுக்காடு, கூர் நெடுநேரம் நிற்கும், ஓங்கி வெட்டுவதற்கு ஆனதல்ல. மீன் அறுக்க, இறைச்சியில் கொழுப்பு நீக்க, கயிறு அறுக்க, அடுப்பு மூட்டச் சிராய் சீவ என்று விரல்நுனிக் கட்டுப்பாடு வேண்டிய வேலைகளில்தான் அரிவாள் தடுமாறுகிறது. அந்த இடத்தை இக்கத்தி நிரப்புகிறது. இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் அரிவாளையே எடுத்துப்போவேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி கரைபுரண்டபோது, சிந்துபூந்துறையில் இருந்த எங்கள் வீட்டின் கீழறைகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. கத்தி அலமாரியின் கீழ்த்தட்டில், உறைக்குள் இருந்தது. வீட்டைக் கழுவி முடித்து அதைத் தேடி எடுக்க ஒரு வாரம் ஆயிற்று. தோல் ஊறி உப்பி, காய்ந்தபோது சுருங்கி, வளையங்களுக்கிடையே நகம் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது. ஆட்டினால் குமிழ் கடகடத்தது. இந்தப் பிடியின் பெருங்குறையும் அதுவே. அலகில் துரு பிடித்தால் கண்ணுக்குத் தெரியும், துடைத்துவிடலாம். வளையங்களுக்குள் மறைந்திருக்கும் வாலில் நீர் இறங்கினால், பிடியைக் கழற்றும் வரை யாருக்கும் தெரியாது.

பாளையங்கோட்டையில் செருப்பும் பையும் தைக்கும் ஒரு சிறிய கடையில் இதைக் காட்டினேன். கடைக்காரர் கத்திப்பிடி போட்டவரல்லர். ஆனால் தோலைப் பற்றி அவர் சொன்ன முதல் சொல்லே சரியாக இருந்தது. “குரோம் தோலு வேண்டாம் அண்ணாச்சி, பஞ்சு மாதிரி அமுங்கிரும். பட்டையில ஊறுன அடித்தோலுதான் நிக்கும்” என்றார். குரோம் தோல் என்றால் குரோமிய உப்பில் பதனிட்டது. தமிழ்நாட்டில் ஆவாரம்பட்டையில் தோல் பதனிட்ட பழைய வழக்கத்தை நினைத்துக்கொண்டேன். இப்போது பெரும்பாலும் வேறு பட்டைதான். ஆணியைத் துளைத்தெடுத்துக் குமிழைக் கழற்றியபோது வால் துருவேறிச் செதிலாக உதிர்ந்தது, நல்லவேளையாக மேலாகத்தான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மூன்றரை மில்லிமீட்டர் தோலில் முப்பது வளையங்கள் வெட்டி, ஒவ்வொன்றுக்கும் இடையே அரால்டைட் பசை தடவிக் கோத்து, இறுக்கியில் இரண்டு நாள் வைத்தார். முதல் நான்கு வளையங்களின் துளை அகன்றுவிட்டதால் அலகுக்கும் பிடிக்கும் நடுவே உள்ள காப்புத்தகட்டை ஒட்டி இடுக்குத் தெரிந்தது. நான் சொல்வதற்கு முன்பே அவரே கண்டுபிடித்து மாற்றிப் போட்டார். அரத்தால் ராவி வடிவாக்கும் வேலையை மட்டும் என்னிடமே விட்டுவிட்டார். என் கையின் அளவுக்கு நானே தேய்த்துக்கொண்டதால், பழைய பிடியைவிட இது நன்றாகப் பொருந்துகிறது. கூலியும் தோலுமாக ஆயிரத்து நானூறு ரூபாய் ஆயிற்று. சொன்ன நாளுக்குப் பத்து நாள் தள்ளித்தான் கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

பராமரிப்பு கடினமில்லை, மறதிக்காரர்களுக்கு மட்டும் ஒத்துவராது. தேன்மெழுகை உருக்கிச் சிறிது விளக்கெண்ணெய் கலந்து, ஆண்டுக்கு இரண்டு முறை, கோடை தொடங்கும் முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும், துணியால் மெல்லத் தேய்க்கிறேன். எண்ணெயை ஊற்றி ஊறவைத்தால் தோல் நெகிழ்ந்து பிடி தளரும். அலகுக்குச் சமையல் எண்ணெய் பூசினால் நாளடைவில் பிசுபிசுப்பாகிவிடுகிறது. தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டுப் போதும். எலுமிச்சை பட்டால் கருநீலக் கறை படியும், அதைத் துரு என்று நினைத்துச் சுரண்ட வேண்டியதில்லை.

உறையில் மட்டும் எனக்கு மனக்குறை உண்டு. வெள்ளத்தில் போனதற்குப் பதிலாக வேறொருவரிடம் தைத்த உறை குரோம் தோல். ஆறே மாதத்தில் அதன் செம்பு ஆணிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு ஏறிவிட்டது. தோப்புக்குப் போகும் நாளில் மட்டும் கத்தியை அதில் செருகுகிறேன். மற்ற நாட்களில் அது பழைய வேட்டித்துணியில் சுற்றி, அதே அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது.