9,800 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) கொடுத்து வாங்கிய தப்புக் கணக்கு: சிறு வணிகர்களுக்கு ஓர் எச்சரிக்கை

என் ஆலைக்கு விற்பனைக் கணக்கு மென்பொருள் விற்றவர்களிடமிருந்து நேற்று மாலை வந்த மின்னஞ்சலில், "கட்டணம் திருப்பித் தரப்படமாட்டாது" என்று ஒற்றை வரி எழுதி என் புகாரை மூடிவிட்டார்கள். கோபம் ஆறிவிட்டால் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன் என்பதால் இன்றே எழுதுகிறேன். போனது 9,800 வெள்ளி.

பினாங்கு மாநிலத்தின் பிறையில் அப்பா தொடங்கிய மசாலாத்தூள் ஆலையை நான் நடத்துகிறேன். பினாங்குத் தீவுப் பக்கம் லெபோ பாசார் தெருவைச் சுற்றியுள்ள உணவகங்கள்தாம் எங்கள் பெரிய வாடிக்கையாளர்கள். விடியற்காலை ஐந்து, ஆறு மணிக்கே வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்துவிடும். அப்பா அவற்றை 555 என்ற சிறு குறிப்புப் புத்தகத்தில் எழுதினார், நான் எக்செல்லுக்கு மாறினேன், விற்பனையாளர்கள் இருவர் சேர்ந்த பிறகு அதுவும் போதவில்லை. அந்த நேரம் பார்த்துத்தான் வாடிக்கையாளர் விவரங்களையும் ஆர்டர்களையும் பதிந்து வைக்கும் சிஆர்எம் மென்பொருளை விற்று அமைத்தும் தரும் ஒரு நிறுவனத்தின் ஆள் வந்தார். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. வழக்குப் போடும் வசதி அவர்களுக்கு உண்டு, எனக்கு இல்லை.

வந்தவர் நம் பிள்ளை. ஆலை வாசலில் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே தேநீர் குடித்தார், சுவரில் இருந்த அப்பாவின் படத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை விசாரித்தார், பிறகு கைப்பேசியை என் பக்கம் திருப்பி, "அக்கா, இனிமே நீங்க கூட்டிப் பார்க்கவே வேணாம், போனைத் தொறந்தா மாசக் கணக்கு நிக்கும்" என்றார். பில்லை மின்னணு முறையில் வரி வாரியத்துக்கு அனுப்பச் சொல்லும் மின்விலைப்பட்டியல் சட்டம் வந்துவிட்டது, இது இல்லாவிட்டால் வருமான வரி வாரியத்திடம் மாட்டிக்கொள்வீர்கள் என்றும் மெல்லப் பயமுறுத்தினார். 2024 ஆகஸ்ட் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த அந்த ஏற்பாட்டுக்கு வாரியமே மைஇன்வாய்ஸ் என்ற தளத்தை இலவசமாக வைத்திருக்கிறது என்பதும், அதற்கும் இந்த மென்பொருளுக்கும் சம்பந்தமே இல்லை என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. மஞ்சள்தூள் படிந்த விரலைத் துண்டில் துடைத்துவிட்டு ஆண்டுச் சந்தா 6,200, அமைப்புக் கட்டணம் 3,600 என்று கையெழுத்துப் போட்டேன். ஒப்பந்தத்தின் ஓரத்தில் அந்த மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது.

மார்ச் 31ஆம் தேதி இரவு, முதன்முறையாகப் பில்களை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பார்த்தேன். பில்களின்படி விற்பனை 61,240 வெள்ளி. மென்பொருளில் பொருள்வாரி அறிக்கை 94,310 என்றது. மாத அறிக்கை 57,905 என்றது. ஒரே மாதம், ஒரே கடை, மூன்று தொகை.

புகார் செய்தேன். உலாவியின் தற்காலிகக் கோப்புகளை அழித்துவிட்டுப் பாருங்கள் என்றார்கள். அழித்தேன், மூன்று தொகையும் அப்படியே இருந்தன. அறிக்கைக்கு அறிக்கை தொகை மாறுவது வழக்கம்தான் என்றார்கள். உங்கள் ஊழியர்கள் தப்பாகப் பதிந்திருப்பார்கள் என்றார்கள். கோலாலம்பூர் தலைமையகம் பதில் சொல்லும் என்று ஒரு புகார் எண்ணைக் கொடுத்தார்கள். "அக்கா" என்று அழைத்த பிள்ளைக்கு அனுப்பிய செய்திகளில் நீல நிறக் குறி மட்டும் விழுந்தது. கடைசியாக, அறிக்கைகளைச் சரிசெய்ய மேலும் 1,500 வெள்ளி ஆகும் என்று விலைப்புள்ளி வந்தது. 9,800 வாங்கிக்கொண்டு கூட்டல் தெரியாத பொருளைக் கொடுத்தவர்கள், கூட்டல் சொல்லிக்கொடுக்கத் தனிக் கட்டணம் கேட்கிறார்கள்!

கணக்கர் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் ஒரு மாலைப்பொழுது உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தான். ஓர் உணவகம் மிளகாய், மல்லி, மஞ்சள் மூன்றும் சேர்த்து 420 வெள்ளிக்கு ஆர்டர் கொடுத்திருந்தது. பொருள்வாரி அறிக்கை மூன்று பொருளுக்கும் மூன்று வரி போட்டு, ஒவ்வொரு வரியிலும் அந்தப் பொருளின் விலையை எழுதாமல் ஆர்டரின் முழுத் தொகையான 420ஐ எழுதி, கீழே 1,260 என்று கூட்டியிருந்தது. மாத அறிக்கையின் கோளாறு வேறு. அமைத்துக் கொடுத்தவர்கள் நேர மண்டலத்தை மாற்றாமல் கிரீன்விச் நேரத்திலேயே விட்டிருந்தார்கள். நாம் அதற்கு எட்டு மணி நேரம் முந்தியிருப்பதால், மார்ச் 1 காலை 6.30க்கு வந்த ஆர்டர் பிப்ரவரி 28 இரவு 10.30 என்று பதிவாகி முந்தைய மாதத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. அன்று காலை எட்டு மணிக்கு முன் வந்த ஆர்டர்களை மட்டும் கூட்டினோம்: 3,335 வெள்ளி. குறைந்த தொகை அதேதான், காசு பிசகாமல்.

காரணத்தைப் படத்துடன் எழுதி அனுப்பியதற்குத்தான் நேற்றைய ஒற்றை வரிப் பதில். பொருள்வாரித் தொகையை நம்பி முந்தைய மாதத்தில் விற்பனையாளர்களுக்குக் கூடுதலாகக் கொடுத்த கமிஷனை இந்த 9,800இல் நான் சேர்க்கவில்லை. உழைத்த பிள்ளைகளிடம் அதைத் திருப்பிக் கேட்க நா எழவில்லை. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை முறையிடலாம் என்று விசாரித்தால், அது சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்குவோருக்கானது, தொழிலுக்கு வாங்கியதை எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார்கள்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், நேரமில்லை. மிளகாய் லாரி வந்து நிற்கிறது. பணம் கட்டும் முன் உங்கள் சொந்தப் பில்களில் ஒரு மாதத்தைச் சோதனைக் கணக்கில் போட்டு, எல்லா அறிக்கையிலும் ஒரே தொகை வருகிறதா என்று உங்கள் கண் முன்னாலேயே காட்டச் சொல்லுங்கள். நேர மண்டலம் கோலாலம்பூர் என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஆண்டுச் சந்தாவை ஒரே தவணையில் கட்டாதீர்கள். வாயால் கொடுக்கும் வாக்கை எழுத்தில் வாங்குங்கள். "கூட்டிப் பார்க்கவே வேணாம்" என்று அவர் சொன்னதற்கு என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.